கைக்கு எட்டாதவர்களுக்கு விடுதலை

மல்கிரேவ் என்ற ஊரில் நான் இருந்த வீட்டில் வாசல் மணி அடித்தால், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அம்மா ஜன்னல் சீலையை விலக்கி யார் என்று பார்ப்பார். அம்மா என்று நான் சொல்வது என்னைப் பெற்றவளை அல்ல, வீட்டு எஜமானியை. வந்திருப்பது தமிழர் என்றால் நான் குசினிக்குள் அடுப்பங்கரைக்குப் போய்விட வேண்டும். வெள்ளைக்காரர் என்றால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் லவுஞ்சில் கதிரையில் உட்கார வேண்டும். வெள்ளைக்காரருக்கு நான் அம்மாவின் சித்தப்பா மகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவள். தமிழருக்கு அந்தப் பொய் செல்லாது. நான் வாயைத் திறந்தால் போதும், மலைநாட்டுத் தோட்டத்துப் பெண் என்று எந்த யாழ்ப்பாணத்து ஆளுக்கும் தெரிந்துவிடும்.

ஐயா, அம்மாவின் கணவர், ஆஸ்பத்திரியில் டாக்டர். எழுபத்து நான்கில் என்னைக் கடல் கடந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்குக் கூட்டி வந்தவர் அவர். யாரையோ பிடித்து எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தார், மூன்று மாத விசா எடுத்தார். அந்த மூன்று மாதம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் அம்மாவின் அலுமாரியில் பூட்டியிருந்தது. வெளியே போனால் பொலிஸ் பிடித்துப் பிளேன் ஏற்றிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த மிரட்டல் தேவையே இல்லை. எங்கள் நாட்டுப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, என் அப்பா அம்மாவை அவர்கள் கண்ணாலும் காணாத இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். என்னைப் பிடித்தால் எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று எனக்கே தெரியாது.

அந்த வீட்டில் ஒரே பெண் பிள்ளை. நான் பாப்பா என்று கூப்பிடுவேன், அவள் என்னை அக்கா என்பாள். எழுபத்தாறில் பள்ளிக்கூடம் திறந்ததும், வகுப்பில் தாளைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் சண்டை போட்ட காலத்தில் இருந்த ஜனாதிபதியைப் பற்றி. அவர் உண்மையிலேயே அடிமைகளை விடுவிக்க விரும்பினாரா, சண்டையில் ஜெயிப்பதற்காக விடுவித்தாரா, இதுதான் தலைப்பு. பாப்பா குசினிக்குள் வந்து நின்று ஒப்புவிப்பாள். முதலில் இங்கிலீஷில், பிறகு எனக்காகத் தமிழில்.

"நீங்கள் ஜஸ்ட் கேளுங்கோ அக்கா. நான் எங்கயாவது தடக்கினால் சொல்லுங்கோ."

நான் எங்கே சொல்வது. வெங்காயம் உரித்துக்கொண்டே ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன். அடிமை என்றால் சங்கிலி, சவுக்கு, பருத்திக்காடு. எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, நல்ல சாப்பாடு, ஹீட்டர் வைத்த அறை.

ஒருநாள் அவள் ஒரு விஷயம் சொன்னாள். அந்த ஜனாதிபதிக்கு அடிமைத்தனம் பிடிக்காதுதான். ஆனால் விடுதலை செய்த கறுப்பு மக்களை வேறு ஏதாவது தேசத்துக்குக் கப்பலில் அனுப்பிவிடலாம் என்று அவர் கொஞ்சக் காலம் யோசித்திருக்கிறார். என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

"அவங்க எல்லாம் அந்த ஊர்லயே பொறந்தவங்கதானே பாப்பா?"

"ஓம்."

"அப்பறம் எதுக்குக் கப்பல்?"

"ரெண்டு பகுதியும் ஒண்டா இருக்க ஏலாது எண்டு நினைச்சவராம். பிறகு அதை விட்டுட்டார். கனபேர் போகவும் விரும்பேல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகப் பிரியமில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்களாமா. என் அப்பா எத்தனை பேரிடம் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்தான் அவளை விடாமல் கேட்க ஆரம்பித்தேன். அந்த ஜனாதிபதியின் தளபதி ஒருவர் தானாகவே அடிமைகளை விடுதலை செய்ய, ஜனாதிபதி அந்த உத்தரவை ரத்துச் செய்தாராம். தன் பக்கம் நின்ற சில மாநிலங்களிலும் அடிமைகள் இருந்ததால், அவர்களுடைய எஜமான்கள் கோபித்துக்கொண்டு எதிரியோடு சேர்ந்துவிடுவார்கள் என்று பயமாம். கடைசியில் விடுதலைப் பிரகடனம் செய்தபோதும், எதிரியின் கையில் இருந்த பகுதிகளுக்கு மட்டும்தான் செய்தாராம்.

"அப்ப கைக்கு எட்டுனவங்கள விட்டுட்டு, எட்டாதவங்களுக்குத்தான் விடுதலை குடுத்தாரா?"

பாப்பா சிரித்தாள். "அதைத்தான் அக்கா எதிர்ப்பக்கம் பேசுறவை சொல்லப்போகினம். நான் அதுக்குப் பதில் சொல்லோணும்."

பதிலும் வைத்திருந்தாள். அந்தப் பிரகடனத்துக்கு முன்னாலேயே அடிமைகள் தோட்டங்களை விட்டு ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வடக்குப் பட்டாளத்தின் எல்லைக்குள் போய்விட்டார்களாம். வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாமல், என்ன செய்வதென்றும் தெரியாமல் நின்றது அரசாங்கம். அவர்கள் நடந்ததால்தான் ஜனாதிபதியும் நகர வேண்டி வந்தது, பின்னால் சட்டத்தையே திருத்தி எல்லோரையும் விடுவிக்கப் பாடுபட்டார் என்பது அவள் கட்சி. பட்டாளம் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள், பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் நான் கேட்டேன். அதெல்லாம் அவளுடைய புத்தகத்தில் இல்லை.

சாப்பாட்டு மேசையில் ஐயாவுக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "அந்த மனிசன் இல்லையெண்டால் மனிசரை மனிசர் இண்டைக்கும் வித்துக்கொண்டிருப்பாங்கள்," என்றார். நல்ல மனசுக்காரர்தான், பொய் சொல்லக்கூடாது. பேசிக்கொண்டே வெற்று கிளாஸை என் பக்கம் நீட்டினார், நான் தண்ணீர் ஊற்றினேன். பாப்பா என்னைப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் மாதம், பேச்சுக்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை ஒப்புவித்தாள். தூரத்து மாநிலம் ஒன்றில் எஜமான்கள் பிரகடனத்தைப் பற்றி மூச்சே காட்டவில்லையாம். சட்டப்படி விடுதலையான பிறகும் அந்த ஜனங்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள், பட்டாளம் போய்ச் சொல்லும்வரை. அந்த இடத்தில் அவள் தடக்கினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு குசினிக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்களுக்கும் ஒண்டு வந்திருக்குது. ஜனவரியிலேயே வந்தது. அப்பா சொல்லக்கூடாது எண்டவர்."

விசா முடிந்தும் இந்த நாட்டில் தங்கியிருப்பவர்கள் தாங்களாகவே போய்ப் பதிந்தால் மன்னிப்பாம். நிரந்தரமாக இருக்க விடுவார்களாம். ஏப்ரல் கடைசியோடு முடிகிறதாம். பேப்பரில், ரேடியோவில், டெலிவிஷனில் எல்லாம் சொன்னார்களாம். அந்த வீட்டு டெலிவிஷனைத் தினமும் தூசு தட்டினவள் நான்.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். வாருங்கள் மன்னிக்கிறோம் என்று எந்த அரசாங்கம் கூப்பிடும்? போய் நின்றதும் கதவை மூடிப் பிடித்துக்கொண்டால்? இரண்டு நாள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளே நின்று அழுதேன். மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தேன், இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். நேராக அம்மாவிடம் போய் உத்தரவு கேட்டேன். பழக்கதோஷம். குளிக்கப் போகவே கேட்டுத்தானே போவேன்.

"அம்மா, விசா இல்லாதவங்க பதியலாமாம். நான் போய்ப் பதியட்டுங்களா?"

"ஆர் உனக்குச் சொன்னது? ஐயா வரட்டும்."

ஐயா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து மெதுவாகச் சொன்னார். "உனக்கென்ன விசரே? அது ஆக்களைப் பிடிக்கிறதுக்கு வச்ச பொறி. போய் நிண்ட உடன பிளேனில ஏத்திப்போடுவாங்கள். என்ர வேலையும் போகும், இவளின்ர படிப்பும் போகும். உன்னை எங்கட பிள்ளை மாதிரித்தானே வச்சிருக்கிறம். வேண்டாம். விளங்குதே?"

விளங்கியது என்று தலையாட்டினேன். அடுத்த நாளிலிருந்து அவர்கள் வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். பாப்பாவைக் குசினிப் பக்கம் விடவில்லை. பூட்டின வீட்டுக்குள் நின்று, இப்போது நெருப்புப் பிடித்தால் என்ன செய்வேன் என்று அடுப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாப்பா எப்படிப் பேசினாள் என்றுகூடக் கேட்க முடியவில்லை. ராத்திரியானால் எனக்கு அந்த அடிமைகளின் ஞாபகம்தான். இருட்டில் நடந்துபோனவர்களுக்குப் பட்டாளம் இருக்கும் திசையாவது தெரிந்திருந்தது. எனக்கு ரயில் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

மாதம் முடிய முந்தின நாள் காலையில் மணி அடித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கதிரையில் போய் இருக்கும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, தன் மரத்து எலுமிச்சம்பழங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஐயா வேலைக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த அம்மா இருக்கும்வரை நான் இந்த வீட்டு உறவுக்காரி, எழுந்து போனதும் பழையபடி குசினி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் முன்னால் இவர்களால் என்னை அதட்ட முடியாது, பூட்டி வைக்கவும் முடியாது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "இமிக்ரேஷன். பிளீஸ். டுடே. யூ டேக் மீ."

அம்மா சிரித்துச் சமாளித்தார். இவளுக்கு இங்கிலீஷ் சரியாக வராது, ஏதோ உளறுகிறாள் என்ற மாதிரி அந்த அம்மாவிடம் சொன்னார். அவரோ என் கைகளைப் பார்த்தார். மடியில் வைத்திருந்த இரண்டு கையிலும் மஞ்சள் கறை, கத்திக் கீறல். நாளையோடு முடிகிறதே, அதற்கா என்று என்னிடம்தான் கேட்டார். யெஸ் என்றேன். காரை எடுத்து வருகிறேன் என்று எழுந்தார்.

நான் அம்மாவைப் பார்த்து "மை பாஸ்போர்ட்" என்றேன். அந்த அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்றுதான் இங்கிலீஷில் சொன்னேன். அம்மா உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "ஐயா என்னைத்தான் ஏசப்போறார்," என்றார் மெல்ல.

நகரத்து அலுவலகத்தில் கூட்டமான கூட்டம். எந்தெந்த நாட்டு ஜனங்களோ, எல்லா முகத்திலும் ஒரே பயம். எனக்கு முன்னால் நின்ற ஆள் கவுண்டருக்குக் கிட்டப் போனதும் திரும்பி நடந்து வெளியே போய்விட்டார். எனக்கும் கால் பின்னுக்கு இழுத்தது, பின்னால் பக்கத்து வீட்டம்மா நின்றதால் ஓடவில்லை. கவுண்டரில் இருந்தவர் யாருடைய வீட்டில் இருக்கிறாய், அவர்கள் உனக்கு என்ன உறவு என்று கேட்டார். உறவு இல்லை, வேலை செய்கிறேன் என்றேன். சொன்னதும் ஐயாவை மாட்டிவிட்டேனோ என்று வேறு பயம் பிடித்துக்கொண்டது. யாரும் என்னைப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, போகலாம், கடிதம் வரும் என்றார். எங்கே போகலாம் என்று அவர் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் ஐயாவின் கார் நின்றது. அம்மா போன் பண்ணியிருப்பார். பக்கத்து வீட்டம்மா என் கூடவே கதவுவரைக்கும் நடந்து வந்தார். ஐயா திறந்தார், அவருக்குப் பின்னால் பாப்பா பள்ளிக்கூட உடுப்போடு நின்றாள். வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்து ஐயா சிரித்தார். அந்தச் சிரித்த முகத்தோடேயே என்னிடம் தமிழில் பேசினார்.

"எங்களட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்களே கூட்டிக்கொண்டு போயிருப்பமே, பிள்ளை."

"கேட்டேங்க ஐயா," என்றேன். மறுபடி சொன்னேன். "கேட்டேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க."

பக்கத்து வீட்டம்மாவுக்கு அது விளங்கவில்லை. பாப்பாவுக்கு விளங்கியது. அவள் யாரிடமும் கேட்காமல் உள்ளே போய், என் உடுப்புகளை ஒரு பையில் போட்டு எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.