ஜான்ரோஸின் சுத்தமான பால்

இராஜாக்கமங்கலத்தில் ஜான்ரோஸைப் பால்காரர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சவூதியில் பெரிய பால் பண்ணை ஒன்றில் பல வருடம் இருந்தவர். அங்கே அவருக்கு லாரி ஓட்டும் வேலை. பசுக்களை லாரிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. ஊர் திரும்பியதும் நான்கு கலப்பினப் பசுக்களை வாங்கி, மகள் பெயரில் 'ஜினிஷா டெய்ரி' என்று பலகை வைத்தார். சாணி அள்ளுவதும் புல் அறுப்பதும் மனைவி ராஜபாய். பேசுவது ஜான்ரோஸ்.

"பாக்கெட் பாலெல்லாம் கெமிக்கலாக்கும். நம்ம பால்ல பசுவும் புல்லும் மட்டுந்தான் உண்டு" என்பார், சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் பைக்கை எடுப்பதற்குள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இஸ்ரவேல் சார் பலமாகத் தலையாட்டுவார். அவர் வீட்டில் அந்தப் பால்தான்.

பசுவையும் புல்லையும் தவிர ஓர் ஊசியும் உண்டு. கன்று குடிக்கிற பால் நஷ்டம் என்று ஜான்ரோஸ் கன்றுகளைப் பிறந்த கையோடு விற்றுவிட்டார். முட்டிக் குடிக்கக் கன்று இல்லாமல் பசுக்கள் பாலை இறக்க மறுத்தன. வடசேரிச் சந்தையில் ஒருவன் லேபிள் ஒட்டாத குப்பி ஒன்றைக் கொடுத்தான். பிரசவத்துக்குக் கொடுக்கிற ஹார்மோன் என்றான். கழுத்தில் ஒரு குத்து, சற்று நேரத்தில் மடி சுரந்துவிடும்.

மூத்த பசு ஜூலிக்குக் காலையும் மாலையும் ஊசி. நாளாக நாளாக ஊசி இல்லாமல் ஒரு சொட்டும் இறங்காது என்றாகிவிட்டது. கன்று பிடிக்க எத்தனை முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. போட வந்தவனுக்குக் கை சரியில்லை என்று ஜான்ரோஸ் ஊரெல்லாம் சொன்னார்.

"அதுக்கு வலிக்குது. ஊசி ஏறினதும் வயிறு சுருண்டு பிடிக்குது, பாக்கலியா?" என்றாள் ராஜபாய்.

"நீ சவூதிக்குப் போயிருக்கியா?" என்று கேட்டார் ஜான்ரோஸ். அவள் போனதில்லை. பேச்சு முடிந்தது.

சபைப் பெண்கள் சங்கம் ஆரோக்கிய நாள் ஒன்று வைத்தது. சுத்தமான பால் பற்றிப் பேசியவர் ஜான்ரோஸ். சிறப்பு விருந்தினர் கால்நடை மருத்துவர் பிரீனா. பேச்சின் உற்சாகத்தில் ஜான்ரோஸ் எல்லாரையும் பண்ணைக்கு அழைத்துவிட்டார். கறவை நேரம் என்பதை வீட்டு வாசலில்தான் உணர்ந்தார்.

ஜூலியைச் சுற்றிப் பத்து செல்போன்கள். ராஜபாய் மடியைக் கழுவி, நீவி, காம்பைப் பிடித்தாள். பாத்திரத்தில் ஒன்றும் விழவில்லை.

"ஆளைக் கண்டா வெக்கப்படும்" என்றார் ஜான்ரோஸ். வேர்வையைத் துடைக்க, கைக்குட்டைக்காக, தினமும் ஊசியை எடுக்கிற சட்டைப் பையில் கையை விட்டார். அந்தக் கையைக் கண்டதும் ஜூலி உடம்பெல்லாம் நடுங்கி, கயிறு இறுகும்வரை பின்னால் போனது.

பிரீனா அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வரிசையாகத் தழும்புகள், கட்டிகள்.

"எவ்வளவு காலமா போடுதீங்க அண்ணாச்சி?"

ஜான்ரோஸ் பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. ஒருவர் அதை வீடியோவும் எடுத்தார்.

இஸ்ரவேல் சார் பதறிப்போனார். "டாக்டரே, பாலைக் குடிச்ச எங்களுக்கு?"

"அந்த ஹார்மோன் வயித்துக்குள்ள போனா செரிச்சிரும். உங்களுக்குப் பயம் வேண்டாம். கெட்டுப்போனது இந்த மாட்டோட கர்ப்பப்பையாக்கும்."

"ஸ்தோத்திரம்" என்றார் சார். நின்றவர்கள் முகமெல்லாம் தெளிந்தது. மாட்டைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜான்ரோஸ் ஊசியை நிறுத்தினார். இரக்கத்தால் அல்ல, வீடியோ போன தூரத்தைப் பார்த்துத்தான். ஜூலிக்குப் பால் அடியோடு நின்றது, மற்றவற்றுக்குப் பாதியானது. ஒரு வாரம் பொறுத்த இஸ்ரவேல் சார் தொழுவத்துக்கே வந்துவிட்டார்.

"டாக்டர்தான் நமக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லியாச்சே. எங்க வீட்டுப் பங்குக்கு மட்டும் அந்த ஊசியப் போடப்பிடாதா?"

ஜான்ரோஸ் யோசிக்கத் தொடங்கினார். ராஜபாய் முந்திக்கொண்டாள். "தாராளமா போடலாம் சார். நீங்களே வந்து குத்துங்க, நான் கயித்தைப் பிடிச்சிக்கிடுதேன். உதைச்சா என்னைக் கேக்கப்பிடாது."

மறுநாள் முதல் சார் வீட்டில் பாக்கெட் பால்.

ஜூலி பிறகு சினை பிடிக்கவே இல்லை. ஒரு தரகன் வந்தபோது, "அடுத்த மாசம் பிடிச்சிரும்" என்று ஜான்ரோஸ் சத்தியம் செய்தார். ராஜபாய் குறுக்கே வந்து, "பிடிக்காது. விக்கவும் மாட்டோம்" என்று அவனை அனுப்பிவைத்தாள். அடுத்து ஈன்ற பசுவின் கன்றை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. கன்று குடித்த மிச்சம் நாலு வீட்டுக்குப் போகிறது.

சபையின் இந்த வருட அறுப்புப் பண்டிகையில் ஜான்ரோஸ் மறுபடி மைக்கைப் பிடித்தார். இம்முறை பிராய்லர் கோழியின் கேடுகள். நாட்டுக்கோழிப் பண்ணை வைக்கப்போவதாகவும், முட்டை வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவைக்கலாம் என்றும் அறிவித்தார். முதலில் கையைத் தூக்கியவர் இஸ்ரவேல் சார்.

"கோழியெல்லாம் நம்ம ராஜபாய் பாத்துக்கிடுவா" என்றார் ஜான்ரோஸ்.

பெண்கள் பக்கத்திலிருந்து ராஜபாய் எழுந்தாள். "நான் பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, புல் அறுக்க நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனாள்.