பாய்லர்காரரின் சாம்பல் வாளி

பாய்லர்காரர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து பாய்லருக்கு முப்பத்தொரு வருடம் விறகு போட்டவர். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் பெயர் ஓய்வு பெறவில்லை. இடுப்பும் வலது முட்டியும் மட்டும் அவருக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன.

மனைவி அதே கூடத்தில் துணி மடித்தவள். இப்போது நடை இல்லை. ஜன்னலோரக் கட்டில்தான் எல்லாம். ஜன்னலுக்கு வெளியே கொல்லை. வீடு கட்டியபோது நெருக்கி நட்ட ஒன்பது மரங்கள், வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு ஒல்லியும் உயரமுமாக வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு காட்டுப்பூத் தரை. சாலையோரங்களில் விதை பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துவந்து அவள் தூவிய இடம்.

"வெள்ளைத் துணியப் பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு. மூடுறதுக்குள்ள கொஞ்சம் கலராப் பாத்துட்டுப் போறேன்" என்பாள்.

அந்தப் பூக்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பூ இருந்த இடத்தில் இடுப்பளவு புல்.

நிழல் அதிகம் என்று முடிவு கட்டினார் பாய்லர்காரர். வெந்நீர் அடுப்புக்கு விறகும் ஆகும், நெருக்கமும் குறையும். குளிர்காலத்துக்கு இரண்டு மரம் என்று கழிக்கத் தொடங்கினார். கயிறு பிடிக்க மைத்துனன். சாயும் பக்கம் ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் ரம்பம், இடையில் ஆப்பு. விழுந்ததை முழ நீளத்துக்கு அறுத்துப் பிளந்து, சுவரோரம் அடுக்கிக் காயவிடுவார்.

அடுத்த பூக்காலத்தில் வெட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றி ஒரு முழ வட்டத்துக்கு நீலமும் மஞ்சளுமாகப் பூ வந்தது. போதாதா? மரம் போன இடத்தில் பூ வருகிறது என்று இருவருக்கும் நிச்சயமாயிற்று. வட்டம்தான் விரியவில்லை. இன்னும் வெட்டினார். மூன்று குளிர்காலத்தில் ஆறு மரம் போயிற்று.

மிச்சம் மூன்று. இரண்டு மூலையில் ஒதுங்கி நின்றவை. மூன்றாவது ஜன்னல் மரம். மத்தியான வெயில் அவள் கட்டிலில் விழாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

"அத வெட்டினா அறை அடுப்பாயிடும்டி."

"ஆகட்டும். அடுப்புக்காரரத்தானே கட்டியிருக்கேன்."

முட்டி வீக்கம் வடிந்து அவர் ரம்பத்தை எடுத்தபோது குளிர் போய்ப் பூக்காலமே வந்துவிட்டது. மைத்துனன் கயிற்றைக் கட்டி மறுமுனையில் நின்றான். சாக்கை மடித்துப் போட்டு, மூன்று தவணையில் கீழே உட்கார்ந்தார். ரம்பத்தை வைக்கக் குனிந்தவர் அப்படியே இருந்தார்.

மரத்தடியில் பூ இருந்தது. நல்ல நிழலில், அதே ஒரு முழ வட்டத்தில், நீலமும் மஞ்சளும். இத்தனை நாளும் வெட்டிய கட்டையைத்தான் போய்ப் பார்த்தார். நிற்கிற மரத்தின் காலடியை யார் பார்க்கிறார்கள்?

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா? கயிறு கைய அறுக்குது."

அவர் வட்டத்துக்கு வெளியே விரலால் கிளறினார். கறுத்துக் கொழுத்த மண், நடுநடுவே சாம்பல். தினமும் காலையில் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிவந்து பூத்தரையில் கொட்டியவர் அவர்தான். நல்ல உரம், வீணாகலாமா என்று ஏழு வருடம். மரத்தடியில் மட்டும் கொட்டமாட்டார். சாம்பலுக்குள் கங்கு உறங்கும், மரத்தின் பக்கம் கொண்டுபோகாதே என்பது பாய்லர் வேலையின் முதல் பாடம். அந்த ஒரு முழம் தப்பியது. மற்ற இடத்தில் உரத்தைப் புல் தின்று கொழுத்து, பூவை அமுக்கிவிட்டது.

"கயித்த அவுத்துடு, மாப்ள."

"விளையாடுறீங்களா? அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன்."

"நெழல் ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணியிருக்கேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அந்த ஆறு மரம்?"

"விறகு."

"நெருக்கித்தான நட்டீங்க. பாதி போகவேண்டியதுதான்." பிறகு கேட்டாள்: "பூ எப்ப வரும்?"

"புல்ல அறுத்து அறுத்து வெளிய போடணும். மண்ணு இளைக்கணும். மூணு வருஷம் ஆகும். நாலும் ஆகும்."

"யாரு அறுக்குறது?"

அவர் முட்டியைத் தடவினார். மைத்துனன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "என்னப் பாக்காதீங்க" என்றான்.

"மரத்தடியில இருக்குறது இங்கேருந்து தெரியலயே" என்றாள் அவள்.

விறகு அடுக்கிலிருந்து ஒரே பருமனில் நாலு கட்டை எடுத்துவந்தார். மைத்துனன் கட்டிலைத் தூக்கத் தூக்க, காலுக்கு ஒன்றாக அடியில் கொடுத்தார்.

"அக்காவோட சேத்துத் தூக்கச் சொன்னா நான் பாதியிலயே போயிருவேன்."

"பேசாமத் தூக்குடா" என்றாள் அக்கா. கட்டில் உயர்ந்ததும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "நீலம் தெரியுது. மஞ்சள் பாதி."

மறுநாள் காலை, வாளியோடு கால் பழக்கத்தில் கொல்லைக்கே போயிற்று. நின்றார். தண்ணீர் தெளித்து, கங்கு அணைந்ததா என்று பார்த்து, தெருக்கோடிக் குப்பைத் தொட்டிவரை தூக்கிப் போனார். வழியில் இரண்டு இடத்தில் வாளியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.