மாதாவுக்குக் கீழே ஆறு சூனியக்காரிகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் பங்குச் சுவாமி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நிமிடத்திலிருந்து லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சு விடவில்லை.

சுவாமி வீட்டுக்கு வருவது நல்ல காரியம்தானே, இதில் பதற என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் மகள் ஷெரின் வருகிற செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். நாங்கள் ஆசைப்பட்டது கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு. விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பங்குச் சுவாமி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் - இந்தக் குடும்பம் ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறது, வீட்டிலும் பிள்ளைக்கு விசுவாசத்தை ஊட்டுகிறது என்று. அது இல்லாவிட்டால் படிவத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

என் கணவர் மரியதாஸ் படிவத்தைக் கொண்டுபோனபோது சுவாமி சொன்னாராம்: "உங்களைத் தெரியும், பிள்ளையையும் தெரியும். உங்கள் மனைவியை நான் கண்டதே இல்லையே. ஒருநாள் வீட்டுக்கு வருகிறேன்."

எப்படிக் காண்பார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்டில் நிற்பேன். சனி மாலைப் பூசைக்குப் போவேன். கடைசி வாங்கில் இருப்பேன். பிரசங்கம் தொடங்கும்போது கண்ணை மூடினால், எல்லோரும் எழுந்து நிற்கும் சத்தத்தில்தான் திறப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியை எந்தச் சுவாமிக்கு ஞாபகம் இருக்கும்?

ஆனால் என் பயத்துக்குக் காரணம் பூசை இல்லை... புத்தகம்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் என் வீட்டுச் சங்கதி எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியிருக்கிறேன். இதை மட்டும் மறைத்துவிட்டேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அயர்லாந்துச் சூனியக்காரிகளைப் பற்றிய காதல் நாவல்கள்.

பழக்கிவிட்டது மொரீன். எங்கள் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிற அயர்லாந்துப் பெண். பிரேக்கில் தேநீரோடு ஒரு புத்தகத்தையும் நீட்டினார். இங்கிலிஷ் பழக உதவும் என்றுதான் வாங்கினேன். அன்று பஸ்ஸில் என் தரிப்பைத் தாண்டி மூன்று தரிப்புப் போய்விட்டேன். அதற்குப் பிறகு மற்றப் பெண்கள் வீடியோக் கசெட்டில் படம் பார்க்கிற நேரத்தில் நான் அயர்லாந்தில் இருந்தேன்.

எல்லாம் ஒரே கதைதான். அட்டையில் செம்பட்டை முடியைக் காற்றில் பறக்கவிட்டபடி ஒருத்தி. பின்னால் செங்குத்துப் பாறை, கடல், இடிந்த கோட்டை. அவள் கண்ணால் கண்டிராத ஒரு தூரத்துப் பெரியம்மா ஒரு வீட்டை அவள் பெயரில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போயிருப்பார். அவள் போய்ப் பார்த்தால் - பரம்பரைச் சாபம். இந்தக் குடும்பத்துப் பெண் எவனை விரும்பினாலும் அவனைக் கடல் கொண்டுபோய்விடும். முந்நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பூட்டி கோபத்தில் விட்டது. அவளுக்கு வாய்ப்பவனோ பக்கத்துப் பண்ணையில் குதிரை வளர்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். மழை வந்தால் மட்டும் சட்டையைக் கழற்றிவிடுவான். அயர்லாந்தில் எந்நேரமும் மழை.

எங்கள் பக்கத்தில் சூனியம் என்றால் எலுமிச்சம்பழம், கோழி, முச்சந்தி. பெயரைச் சொல்லவே ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அயர்லாந்துச் சூனியக்காரிக்கு இருபத்தாறு வயது. தோட்டத்தில் மூலிகை, மடியில் பூனை, அடுப்பில் சுடச்சுடப் பாண். அவளைக் கண்டு யார் பயப்படுவார்கள்? ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு கதைக்கத்தான் தோன்றும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது குதிரைக்காரன் இல்லை. அந்த வீடு. முந்நூறு வருடமாக அதே இடத்தில், அதே தளபாடங்களோடு, யாரும் குண்டு போடாமல், யாரும் பூட்டை உடைத்துக் குடியேறாமல், இவள் வந்து திறக்கட்டும் என்று நிற்கிற வீடு. சாபம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், சாவி கையில் இருக்கிறதே? அவள் கதவைத் திறக்கிற பக்கத்தை நான் எப்போதும் இரண்டு தரம் வாசிப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்திருக்க முடியுமா? ஷெரின் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தலை பின்னிவிடும் நேரத்தில் அவளுக்குக் கதையைத் தமிழில் சொல்வேன். முத்தம் வரும் இடங்களில் என் கதையில் அவளும் குதிரைக்காரனும் கைகுலுக்கிக்கொள்வார்கள். வேறும் சில இடங்களை மாற்றுவேன். அவளும் 'பரம்பரை', 'மூலிகை', 'சாபம்' என்று தமிழில் வெளுத்துக்கட்டுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு டீச்சர், பிள்ளை எங்கே இந்தச் சொல்லெல்லாம் பிடிக்கிறாள் என்று மரியதாஸைக் கேட்டிருக்கிறார். அவர் பெருமையாகத் திருவிவிலியம் என்று சொல்லியிருக்கிறார். மரியதாஸ் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவர், சும்மா ஆள் இல்லை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

"இஞ்சருமப்பா, அந்தப் பேய்ப் புத்தகங்களை முதல் வெளியிலை எறியும்" என்றார் மரியதாஸ்.

"எப்பிடி எறியிறது? அது மொரீன்ரை. திருப்பிக் குடுக்க வேணும்."

"அப்ப சுவாமியின்ரை கண்ணிலை படாத இடத்திலை ஒளிச்சு வையும். பிள்ளையின்ரை ஏழு வருசப் படிப்பு இதிலை கிடக்கு."

அவர் சொன்னது சரி. ஆனால் எங்கே ஒளிப்பது? கட்டிலுக்குக் கீழே வைக்க ஏலாது. சுவாமி வந்தால் வீடு மந்திரிக்காமல் விட மாட்டோம். ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்த் தீர்த்தம் தெளிக்கச் சொல்வோம். குசினி அடுப்புக்குள் சுவாமிக்கான பற்றிஸ் சூடாகிக்கொண்டிருந்தது. உடுப்புக் கழுவும் மெஷினுக்குக் கண்ணாடிக் கதவு. யோசித்துப் பார்த்ததில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. முன்னறையில் மாதா சுரூபம் வைத்திருக்கும் சின்ன மேசை. அதன் வெள்ளைத் துணி நிலம் வரைக்கும் தொங்கும். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆறு சூனியக்காரிகளையும் கீழே தள்ளினேன்.

அந்த நேரத்தில் மரியதாஸ் பிள்ளையைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லக் கூடாது எண்டது எத்தினையாம் கட்டளை?"

"எய்ட், அப்பா."

"வடிவாச் சொல்லும். தெரியாட்டில் முழுசிக்கொண்டு நிக்கக் கூடாது."

சுவாமி வந்தார். அறுபது வயதிருக்கும். உயரம், நனைந்த மழைக்கோட்டு, முழங்காலில் நோவு. அவரும் அயர்லாந்துக்காரர்தான். முப்பது வருடமாக லண்டனில் இருந்தாலும் பேச்சு மொரீனின் பேச்சுப் போலவே இருந்தது. கட்டளைகள் எதையும் கேட்கவில்லை. மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியும் நாலாவதை எடுத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மரியதாஸ்தான் ஒரு செபம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார்.

சுவாமி கஷ்டப்பட்டு மாதாவுக்கு முன் முழந்தாளிட்டார். நாங்கள் பின்னால். செபம் முடிந்தது. எழும்புவதற்கு ஒரு பிடி தேவைப்பட்டது அவருக்கு. மேசையைப் பிடித்தார். கையில் வந்தது துணி.

மரியதாஸ் பாய்ந்து மாதாவைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் புண்ணியம். புத்தகங்களை யார் பிடிப்பது? ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து சுவாமியின் சப்பாத்தடியில் வந்து நின்றன. ஆறு செம்பட்டைத் தலைகள் எங்களை அண்ணாந்து பார்த்தன.

சுவாமி கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒன்றைத் தூக்கி முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தை முழுவதும் வாசித்தார்.

"இது யாருடையது?"

"அது வந்து ஃபாதர்... நெய்பர் ஒருத்தர்..." என்று தொடங்கினார் மரியதாஸ். மாதா சுரூபம் இன்னும் அவர் கையில். ஷெரின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் அதற்கு மேல் போக முடியவில்லை.

"என்னுடையது, ஃபாதர். ஆறும்" என்றேன். பிள்ளையின் பள்ளிக்கூடம் என் கையாலேயே போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு குதிரைக்காரனுக்காக இப்படிச் செய்துவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"இங்கே பாறை கிடையாது" என்றார் சுவாமி.

"ஃபாதர்?"

"இதில் எழுதியிருக்கிறதே, இந்த ஊர். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். தட்டையான சதுப்பு நிலம். மாடுகள் நிற்கும். கோட்டையும் இல்லை. கடலுக்குப் போவதென்றால் பஸ் பிடிக்க வேண்டும். இதை எழுதின ஆள் அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டார்." சுவாமிக்கு உண்மையாகவே கோபம்.

பிறகுதான் வந்த காரியம் அவருக்கு ஞாபகம் வந்தது போலிருந்தது. முகம் இறுகியது. கதிரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த படிவத்தை எடுத்தார். 'பிள்ளைக்கு வீட்டில் விசுவாசம் எவ்வாறு ஊட்டப்படுகிறது' என்ற கேள்வியில் பேனையை வைத்துக்கொண்டு ஷெரினைப் பார்த்தார்.

"நீயும் இதெல்லாம் வாசிப்பாயா?"

"இல்லை ஃபாதர். அம்மா சொல்லுவா. தமிழில்."

மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியா? இந்தப் பெண்ணின் சாபம் எப்படித் தீர்ந்தது, சொல்லு."

ஷெரின் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் சொல்வது போல ஆங்கிலத்தில் சொன்னாள். "அவ மாதாவுக்கு நேர்த்தி வைச்சா ஃபாதர். பிறகு செருப்பில்லாமல் மடுவுக்கு நடந்து போனா. காட்டில் ஆனை நிண்டது, ஆனால் ஒண்டும் செய்யவில்லை. திருவிழாவுக்கு நிறையச் சனம். மாதாவைத் தூக்கிக்கொண்டு சுத்தி வந்தார்கள். அதோடு சாபம் போயிட்டுது. கடல் எல்லாரையும் திருப்பிக் குடுத்திட்டுது. பிறகு கோயிலில் கலியாணம்."

"மற்ற ஐந்து பேரும்?"

"அவையும் மடுவுக்குத்தான் போனவை." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. "நீங்கள் அயர்லாந்துதானே ஃபாதர். மடு உங்கடை வீட்டிலிருந்து தூரமா?"

எனக்கு முகம் சுட்டது. என்ன செய்வது, புத்தகத்தில் இருக்கிறபடியே சொல்ல முடியுமா? அவர்கள் நிலா வெளிச்சத்தில் கல்லைச் சுற்றி ஆடுவார்கள், உடுப்பும் போதாது. முதல் தடவை அந்த இடத்தில் சீப்போடு திகைத்து நின்றபோது என் வாயில் வந்தது மடு மாதா கோயில். நான் மன்னார்க்காரி. பாம்புக் கடியோ, பேய் பிசாசோ, பிள்ளையில்லாக் குறையோ, எங்கள் சனம் போகிற இடம் அந்தக் காட்டுக் கோயில்தான். சாபம் தீர எனக்கு வேறு வழி தெரியாது. அடுத்த புத்தகத்திலும் அங்கேயே அனுப்பிவிட்டேன். மடு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

சுவாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஷெரினிடம், "நான் இன்னும் போகவில்லை, பிள்ளை. போக வேண்டும்" என்றார். இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொல்லி அவளைக் குசினிக்கு அனுப்பினார்.

"எங்கே அந்த இடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். இலங்கையில், என் ஊர்ப் பக்கம். இப்போது வீடு வாசல் விட்டு ஓடி வந்த சனம் அந்தக் கோயில் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டிருக்கிறது. என் அக்காவும் அங்கேதான். ஷெரின் கண்டதில்லை.

அவர் தலையாட்டினார். பிறகு கீழே கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். உதடு துடித்தது. தோள் குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தச் சுவாமியிடமும் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மரியதாஸும் சிரித்தார். மாதாவை மேசையில் வைக்க அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

படிவத்தில் ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், மடித்துத் தந்தார். பாறை விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆறில் இரண்டு புத்தகத்தையும், ஈயத்தாளில் சுற்றிய பற்றிஸையும் கொண்டுபோனார்.

கதவு சாத்தியதும் மரியதாஸ் படிவத்தை விரித்தார். வாய்விட்டு வாசித்தார்.

"இந்தத் தாய் வீட்டில் இருந்தபடியே ஆறு அயர்லாந்துச் சூனியக்காரிகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் முப்பது வருடத்தில் ஒருத்தியைக்கூடக் கொண்டுவந்ததில்லை."

"உதைப் பாத்திட்டுப் பள்ளிக்கூடம் என்ன சொல்லப் போகுதோ தெரியாது" என்று தலையில் கை வைத்தார். பிறகு நின்ற இடத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை, சமயம் வரவில்லை என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். வகுப்பு வைக்கிறோம், மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தவறில்லை, வைக்கத்தான் வேண்டும். ஆனால் எது எந்த வாசலால் பிள்ளைக்குள் போகிறது என்று யாருக்குத் தெரியும்? என் பிள்ளைக்கு அது தலை பின்னும் நேரத்தில், சூனியக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்கே தெரியாது.

இந்தத் திங்கட்கிழமை கடிதம் வந்தது. ஷெரினுக்கு இடம் கிடைத்துவிட்டது. மரியதாஸ் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். திருவிவிலியம் வாசிக்கிற குரலில்.

புதுப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிப்பார்கள். அதற்கு முன் மடு எங்கே இருக்கிறது என்று நானே அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் போகிறேன்... அவசரமில்லை. இப்போதைக்கு அது அயர்லாந்திலேயே பத்திரமாக இருக்கட்டும்.