உள்ளங்கையில் சாவித் தடம்

பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் தராசுகளின் துல்லியத்தைச் சோதிப்பது என் வேலை. அளக்காத நாளுக்குப் பூச்சியம் எழுதக் கூடாது, கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்பது அங்கே கற்ற முதல் விதி.

என் வலிப்புக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். மாத்திரை எடுத்த நேரம், தூங்கிய மணித்தியாலம், வலிப்பு. மூன்றாவது நிரலில் இரண்டு வருடமாகப் பூச்சியம். இரண்டு வருடம் வராவிட்டால் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கலாம் என்று கண்டி கிளினிக்கில் டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்கப் போக வேண்டும்.

பூச்சியங்கள் கூடினாலும் பயம் குறையவில்லை. பஸ்ஸில் கதவோரம் நிற்க மாட்டேன். குளியலறையைத் தாழிட மாட்டேன். இலேசாகத் தலை சுற்றினாலும், எந்த இடமென்று பார்க்காமல் நிலத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, வாடகைக்குத் தங்கியிருக்கும் போடிங் அறையில் கண்ணயர்ந்தேன். எழும்பியபோது நாக்கின் ஓரம் எரிந்தது. வலது உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்த சிவந்த தடம்; இரும்பு வாசனை.

ஹேவாஹெட்டயில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பார்கள். அதனால் பயனில்லை என்று எனக்குத் தெரியும். அறைத் தோழியும் அதே தோட்டத்தவள். கட்டிலில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அலுமாரிச் சாவி ஆணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு வந்துச்சா?"

"என்ன வந்துச்சு? நல்லாத் தூங்குன. உன் குறட்டைக்கு பஸ் ஹோர்னே தோத்துப்போகும்."

கையை விரித்துக் காட்டினேன். அவள் சிரிப்பு நின்றது.

"மாத்திரை குறைப்பாங்கன்னு நாளு எண்ணிக்கிட்டு இருந்தியே. எப்படிடி சொல்றது?"

"இதுக்கு முந்தியும் வந்துச்சா?"

"ரெண்டு தடவ. மூணாவும் இருக்கும்."

"எப்ப?"

"நான் என்ன, உன்ன மாதிரி கொப்பியா வச்சிருக்கேன்?" என்று சொல்லி அழுதாள்.

நாக்கில் புண்ணோடு எழும்பிய காலைகள் நினைவுக்கு வந்தன. முதல் நாள் குடித்த சூடான தேத்தண்ணிதான் காரணமென்று நினைத்திருந்தேன். கொப்பியை எடுத்தேன். எந்தப் பூச்சியம் பொய்யென்று தெரியாததால் எல்லாவற்றையும் கோடிட்டு வெட்டினேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டினார்.

திரும்பி வந்து அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "இனிமே சாவிய வச்சா, எடுக்காத. நான் எழும்புற வரைக்கும் கையிலயே இருக்கட்டும்."

"சரிடி."

இப்போதெல்லாம் தூக்கம் கலைந்ததும் கண்ணைத் திறப்பதில்லை. முதலில் விரல்களை மெதுவாக மூடிப் பார்க்கிறேன்.