குளியலறைக் கைப்பிடி

வெல்டிங் பட்டறைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. கொட்டேஷன் அனுப்பிவிட்டால் ஒரே ஒரு தடவைதான் நினைவுபடுத்துவார், அதுவும் பணிவாக. இரண்டாம் தடவை கூப்பிட்டால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்காகவே வாடிக்கையாளர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. இவர் மட்டும் லேசுப்பட்டவரா? பதிலுக்கு இவரும் மூடிக்கொள்வார்.

இந்த முறை மட்டும் அது அவரைப் படாத பாடு படுத்தியது. ஒரு வங்கிக்காரர் வீட்டுக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைக்கும் சின்ன வேலை. அளவெடுக்கப் போனபோது வங்கிக்காரரின் வயதான அப்பா, வழுவழுத்த தரையில் கால் வைக்கப் பயந்து இவர் தோளைப் பற்றிக்கொண்டார். "சீக்கிரம் போட்டுக் குடுத்துடுப்பா" என்றார்.

மறுநாளே கொட்டேஷன் போனது. ஒருமுறை விசாரித்ததற்கு, "பார்த்துட்டு சொல்றேன்" என்றார் மகன். அதோடு சரி.

ஆர்டர் வராமலே கம்பியை வளைத்துப் பாலிஷும் போட்டு முடித்துவிட்டார். கிரைண்டர் இரைச்சலிலும் காது போன் மேலேயே இருந்தது. யார் யாரோ கூப்பிட்டார்கள், அந்த வீட்டிலிருந்து மட்டும் இல்லை.

"ஒரு போன் பண்ணா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

"இளக்காரமா நினைப்பாங்க. ரேட்டைக் குறைன்னுவாங்க."

"ரேட்டு கிடக்கட்டுங்க. அந்தப் பெரியவர் வழுக்கி விழுந்துட்டா?"

யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் பயந்துகொண்டிருந்ததே அதைத்தான்.

"வணக்கம் சார், கொட்டேஷன் விஷயமா" என்று மெசேஜ் அடித்தார், அழித்தார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று அடித்தார், அதையும் அழித்தார். பிறகு கொள்கையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

மணி அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று மனது காரணம் தேடியது. நல்ல காரணம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"யாரு?" பெரியவரின் குரல்.

போன உயிர் திரும்பி வந்தது. "கம்பி வேலைக்காரன் ஐயா. நல்லா இருக்கீங்களா?"

"எங்கப்பா நல்லா இருக்கிறது? நீ வந்துட்டுப் போனதுலேருந்து நான் குளிக்கவே இல்ல. பயமா இருக்கு. ஈரத்துணியால தொடச்சுக்கிறேன். நீ ரேட்டைக் குறைச்சதும் வந்துடுவேன்னு பையன் சொன்னான். இன்னும் குறைக்கலையா?"

அவருக்குக் காது வரை சுட்டது. படித்த மகனும் பட்டறைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் வீம்பு பிடித்ததில், நடுவில் ஒரு மனிதர் குளிக்காமல் கிடந்திருக்கிறார்.

அதற்குள் மகன் வந்து போனை வாங்கிவிட்டார். "நீங்களா? கூப்பிடுவீங்கன்னு தெரியும். சொல்லுங்க, கடைசியா எவ்வளவு?" குரலில் ஜெயித்த தோரணை.

பட்டறைக்காரர் சுவரோரம் சாய்த்திருந்த கம்பியை எடுத்துத் தோளில் வைத்தார்.

"டிரில்லோட கிளம்பிட்டேன் சார். முதல்ல ஐயா குளிக்கட்டும். எவ்வளவுன்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் அவர் போனை வைத்தார்.