ஏர் கட்டிப் பார்த்த சைக்கிள்

அந்த சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. கேரியர் கிடையாது. பெல் கிடையாது. சக்கரத்துக்கு மேலே மட்கார்டும் கிடையாது. விலை மட்டும் இருந்தது. எனக்கு வரவேண்டிய இரண்டு தங்க வளையல்களின் விலை.

வளையல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாழவந்தி நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு) எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி நட்ட வருஷம், கல்யாணத்துக்கு அம்மா போட்ட வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். "மொளகு காய்ச்சதும் மொத வேல உன்ற வளையலுதான் புள்ள" என்றார் வீட்டுக்காரர். கொடி ஏறியது, காய்த்தது. ஒரு வருஷம் வாடல் நோய் வந்தது, இன்னொரு வருஷம் விலை விழுந்தது. என் கை மட்டும் மொட்டையாகவே கிடந்தது. விசேஷ வீடுகளில் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். இந்த வருஷம்தான் காயும் நன்றாகப் பிடித்தது, விலையும் நின்றது. குண்டனி நாட்டில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் வளையல் கையில் ஏறியே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சைக்கிள் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து சைக்கிள்காரர்கள் மலையேறி வருவார்கள். இறுக்கமான டவுசரோடு மூச்சிரைக்க எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்பார்கள். அவர்களில் ஒரு தம்பி, கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர், ஆள் குள்ளம், வெளிநாடு போகப்போவதாகவும் சைக்கிளை விற்கப்போவதாகவும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் உடனே அதைத் தடவ ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் ஈன்ற கன்றைத் தடவுவாரே, அந்தத் தடவல்.

"கிராவல் பைக்குன்னு பேருங்க்கா. ஜல்லி ரோடு, மண்ணு ரோடு, எதுல வேணா போகும். புதுசுன்னா இதப்போல ரெண்டு மடங்கு வெலைங்க" என்றார் தம்பி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏங்கண்ணு, ரோடு மோசமா இருக்கற எடத்துல ஓட்டறதுக்கா இத்தன காசு? நாங்க பொறந்ததுல இருந்து சும்மாதான ஓட்டிக்கிட்டு இருக்கறோம்?"

சொன்னதில் பொய்யில்லை. எங்கள் ஊர் ரோட்டில் ஜல்லி கொட்டிவிட்டுப் போனவர்கள் தார் ஊற்ற இன்னும் வந்தபாடில்லை.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அவர் முகம் வாடும், வாடிய முகத்தை ஒரு மாதம் நான்தான் பார்க்க வேண்டும். அதனால் வேறு வழியில் போனேன். எங்கள் மலையில் ஏர் கட்டிப் பார்க்காமல் யாரும் எருது வாங்க மாட்டார்கள். விற்பவர் மாட்டை வாங்குபவர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். உழுது பார்த்து, படுக்கிறதா, முரண்டு பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் பேச்சு. "அதே மாதிரி ஒரு வாரம் இத உட்டுட்டுப் போ சாமி. உழுதா வாங்கிக்கறோம். இல்லீன்னா ஓட்டிக்கிட்டுப் போயிரு" என்றேன். ஒரு வாரத்தில் ஊர்ப்பட்ட குறை கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. தம்பி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி என்று கூட வந்த நண்பரின் காரில் மலை இறங்கிப் போனார்.

குறை அன்றைக்கே ஆரம்பித்தது. ஸ்டாண்டு இல்லாததால் சுவரில் சாய்த்தால் சறுக்கியது. கடைசியில் அந்தத் தம்பி விட்டுப்போன சிவப்புப் பட்டையால் மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில், பசுவுக்குப் பக்கத்தில் கட்டிவைத்தார் வீட்டுக்காரர். காலையில் போய்ப் பார்த்தால், கைப்பிடியில் ஊறியிருந்த வேர்வை உப்பைப் பசு நக்கித் தீர்த்திருந்தது.

"பாத்தீங்களா, மாடு நக்குது" என்றேன்.

"மாட்டுக்கே புடிச்சிருக்குது பாரு" என்றார்.

குண்டூர் நாட்டிலிருந்து என் அண்ணனை வரவழைத்தேன். எருது வாங்க யார் கிளம்பினாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் சைக்கிளைச் சுற்றி வந்தான், டயரை அமுக்கிப் பார்த்தான், ஒரு கையால் தூக்கினான். முகம் மாறிவிட்டது.

"என்னம்மிணி இது, கையில ஒண்ணுமே தெரியல? இந்த எடையில ஒரு எருது இருந்தா நான் மொதல்ல மாட்டு டாக்டரத்தான் கூப்புடுவேன்."

எனக்கு வாயெல்லாம் பல். கிளம்பும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். "எதுக்கும் கயித்த மட்டும் மாத்திராதீங்க. நம்ம கயிறு ஏறிருச்சுன்னா அப்பறம் அது நம்ம மாடு." அது எங்கள் பக்கத்து வழக்கம். விற்றவர் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார், வாங்குபவர் புதுக்கயிறு போடுவார். புதுக்கயிறு போட்ட பிறகு பேச்சு மாறக் கூடாது.

வீட்டுக்காரர் நல்ல உயரம். சைக்கிளோ அந்தக் குள்ளத் தம்பிக்கு அளவெடுத்தது. மிதித்தால் முழங்கால் தாடைக்கு வந்தது. திரும்பி வந்ததும் "பறக்குது புள்ள!" என்பார். பிறகு கதவுக்குப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை சாமைக்காட்டுக்குள் விழுந்து எழுந்து வந்து, கதிர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனதாகச் சொன்னார்.

புதன்கிழமை அவர் மிளகு வியாபாரியைப் பார்க்கப் பஸ் ஏறினார். ஓடைப் பாதையில் ஏற்றிப் பார்த்து, ஏறவில்லை என்று காட்டி, இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று சைக்கிளை அவிழ்த்தேன். எனக்கு சைக்கிள் புதிதில்லை. பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளை ஏற்றத்தில் நான் தள்ளியிருக்கிறேன், இறக்கத்தில் அது என்னைத் தள்ளியிருக்கிறது. சுடிதாரை மாட்டி, ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கென்று தைத்த ரவிக்கை மாதிரி அப்படி ஒரு பொருத்தம்.

ஓடையிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் நான் சுமந்த மூட்டைகளுக்குக் கணக்கில்லை. நடுவில் ஒரு பலாமரம் உண்டு. அங்கே நின்று மூச்சு வாங்காமல் ஒருநாளும் மேலே போனதில்லை. அன்று பிரேக்குக்குப் பக்கத்தில் இருந்த கியரை ஏதோ ஒரு தைரியத்தில் தட்டினேன். 'டிக்' என்றது, கால் லேசானது. இன்னொரு 'டிக்'. பலாமரம் வந்தது. பலாமரம் போனது. நான் உட்கார்ந்தபடியே மேலே போய்க்கொண்டிருக்கிறேன்! திரும்பித் திரும்பி மரத்தைப் பார்த்தேன். அது அங்கேயேதான் நின்றது.

மேலே ஏறியதும் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஜல்லி ரோட்டில் இறக்கிவிட்டேன். கல் தெறிக்கிறது, காது அடைக்கிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நான் கத்துகிறேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எதிரே வந்த பஸ் நிறுத்தத்தில் நின்றது. ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"எங்கம்மிணி இத்தன அவசரமா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"தெரியலீங்க்கா!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

உண்மையாகவே தெரியாது. நாற்பதைத் தொடப்போகிறேன். தண்ணீருக்கு, அரிசிக்கு, ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு என்று ஏதோ ஒரு வேலை இல்லாமல் நான் எங்கும் போனதே கிடையாது. அன்று ஒரு வேலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரமாக நிறுத்தி ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து டயரைத் துடைத்து, இருந்தபடியே கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியாழக்கிழமையும் அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று சைக்கிளை முன்னைவிடச் சத்தமாகத் திட்டினேன். வெள்ளிக்கிழமை புளி வாங்கப் போன கடையில் நீலநிற நைலான் கயிறு தொங்கியது. புளியோடு அதுவும் என் பையில் ஏறிவிட்டது.

சனிக்கிழமை வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "நீ சொன்னதுதான் புள்ள செரி. எனக்கு முதுகே ஒடஞ்சுபோச்சு. அது வேண்டாம். உனக்கு வளையலே எடுத்துரலாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்னது சரி என்று இந்த மனிதர் ஒத்துக்கொண்டதே இல்லை. ஒத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்! "செரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஊரெல்லாம் கேட்க ஒரு வாரம் திட்டிய வாயால் இனி என்னவென்று கேட்பது? வளையல் வேண்டும் என்று நின்றவளும் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து நின்றார். "என்னங்க்கா, உழுதுச்சுங்களா?"

"நமக்கு ஒத்து வரல தம்பி, ஓட்டிக்கிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை அவிழ்க்கக் கொட்டகைக்குள் போனார் வீட்டுக்காரர். போனவர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்து என்னையே பார்த்தார்.

"நீலக்கயிறு ஆரு போட்டது?"

"நாந்தாங்க."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

"அப்ப வளையலு?"

இதற்குமேல் அடக்க முடியவில்லை. "எனக்கு வளையல் வேண்டாங்க! இதுதான் வேணும். உங்களுக்கில்ல, எனக்கு!" போட்ட சத்தத்தில் பசு திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிக்கிறார். துவைத்து மடித்து வைத்திருந்த சிவப்புப் பட்டையை எடுத்து வந்து தம்பியிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் முழித்தார்.

"வாங்கிக்கங்க தம்பி. உங்க மாடு வித்துப்போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

குண்டனி நாட்டுக் கல்யாணத்துக்கு என் பட்டுச்சேலைப் பையைச் சுமந்துகொண்டு அவர் பஸ்ஸில் வந்தார். நான் மண்பாதையில் சைக்கிளில் போய், புழுதியைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு பந்தியில் பரிமாற நின்றேன். அவருடைய அக்கா, மணப்பெண்ணின் அம்மா, எல்லோர் முன்னாலும் என் மொட்டைக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஏனம்மிணி, இந்த மொளகுக்கு உனக்கு வளையல் வந்துரும்னு எந்தம்பி சொன்னானே, எங்க?"

பெண்களெல்லாம் பார்த்தார்கள். கை தலைப்புக்குள் போகவில்லை.

"வந்திருச்சுங்க அண்ணி. வெளிய மரத்துல சாத்தி வெச்சிருக்கறேன். அதுக்கு ஸ்டாண்டு கெடையாதுங்க."