ஆர்லனின் துப்பாக்கிக்கு வெல்டா மாட்டிய முன்பிடி

வெல்டா ஓட்டும் பள்ளிப் பேருந்து காலை எட்டரைக்குக் காலியாகும், மதியம் இரண்டரைக்கு மறுபடி நிறையும். நடுவில் கிடைக்கும் ஆறு மணி நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். வெல்டாவுக்கு அந்த நேரத்தில் எண்பது ஆடும் ஓர் ஆர்லனும் இருந்தார்கள். அவளுக்கு அறுபத்தோரு வயது. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துதான் எழுவாள். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆர்லன் அவள் கணவன். ஜனவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன, இடது கை மட்டும் மரத்தே இருந்தது. விரல் மடங்கும், பிடிக்கும். என்னத்தைப் பிடித்திருக்கிறோம் என்பதுதான் அந்தக் கைக்குத் தெரியாது.

ஏப்ரல் கடைசி ஆடுகள் குட்டி போடும் காலம். அமெரிக்காவின் வயோமிங்கில் அப்போது பனியும் விழும், குட்டியும் விழும், அதைத் தின்னக் கயோட்டி என்னும் காட்டு நாய்களும் வரும். ஒரு காலையில் வேலியோரம் மூன்று நாய்களைப் பார்த்துவிட்டு ஆர்லன் ஒரு மேகஸின் குண்டு முழுவதையும் சுட்டுத் தீர்த்தான். அவன் துப்பாக்கியில் இடது கை பிடிக்கிற பிளாஸ்டிக் முன்பிடி குட்டையானது. கை அதைத் தாண்டி நழுவி, கொதிக்கிற குழல் இரும்பின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. தோல் பொசுங்கும் நாற்றம் வந்து, எங்கே என்று தேடினால், அது அவன் தோல்.

அன்றைக்குத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டியவன் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தான். பத்து நாள் எழுந்திருக்கவில்லை. துப்பாக்கியை மெக்கானிக் மார்விடம் கொடுத்துவிடு, ஆடுகளை விற்றுவிடு என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னான். ஆடு போனால் போகட்டும், ஆள் அந்த நாற்காலியிலேயே தங்கிவிடுவான் என்பதுதான் வெல்டாவுக்குப் பயம். சூடான இரும்பு எங்கேயும் கையில் படாதபடி குழலை முழுக்க மூடுகிற நீள அலுமினிய முன்பிடி ஒன்றைத் தபாலில் வரவழைத்தாள். நகரத்தில் துப்பாக்கி வேலை செய்கிறவர் ஆறு வாரம் ஆகும் என்றார். ஆறு வாரத்தில் குட்டிக் காலமே முடிந்துவிடும். நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

எந்தக் கருவியை வைத்து மாட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. மார்வ் பேருந்துக் கொட்டகையின் மெக்கானிக். தண்ணீர்க்குழாய் கழற்றுகிற ரிஞ்ச் போதும், தன் மாமனார் கடைசிவரை அதில்தான் கழற்றினார் என்றான். அந்த மாமனாரின் துப்பாக்கி எலி கடித்த மாதிரி இருந்ததை வெல்டா நேரிலேயே பார்த்திருக்கிறாள். ஆர்லனோ, கந்தல் துணியைச் சுற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கினால் தீர்ந்தது என்றான். துப்பாக்கியின் உடம்பு மென்மையான அலுமினியம், நசுங்கிப்போகும் என்று முன்பிடியோடு வந்த காகிதத்தில் போட்டிருக்கிறதே என்றாள் இவள். பேருந்தைக் கிளப்புமுன் தினமும் முப்பது இடம் தொட்டுப் பார்க்கிறவளிடம் காகிதத்தை மீறச் சொன்னால் நடக்குமா? துப்பாக்கியின் வயிற்றுக்குள் நுழைந்து தாங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டை, குழலைப் பிடித்திருக்கும் பழைய நட்டுக்கு ஏற்ற பல்வைத்த ஸ்பேனர், பொடித் திருகுகளுக்கு அலன் கீ, கொஞ்சம் கிரீஸ், எல்லாம் வாங்கி மேஜையில் பரப்பினாள். முன்பிடிக்குரிய புது நட்டை நாற்பது அளவுக்கு இறுக்க வேண்டும். அதற்கு, போட்ட அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ஸ்பேனர் வேண்டும். கொட்டகையில் இருந்த பெரியது பேருந்துச் சக்கரத்துக்கானது, அதன் அளவே நூறில்தான் ஆரம்பம். பக்கத்தில் சின்னதாக ஒன்று தொங்கியது. அதில் நாற்பது இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள். குண்டு இல்லை என்று ஆர்லன் இரண்டு முறை பார்த்தான். பழைய முன்பிடியை ஒரு வளையம் ஸ்பிரிங் வைத்துப் பிடித்திருக்கும். வளையத்தைக் கீழே இழுக்க இரண்டு கை, பிடியைப் பிளந்தெடுக்க ஒரு கை. இந்த வேலைக்கு மூன்று கை வேண்டும் என்று துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாருமே அங்கே அலுத்துக்கொள்வார்கள்.

"உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. நமக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு," என்றான் ஆர்லன்.

ஜனவரிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிரிக்கக்கூட வெல்டாவுக்குத் தெம்பில்லை. வளையத்தை இழுத்துப் பிடித்தாள், அவன் வலது கையால் பிடியை எடுத்தான்.

பழைய நட்டு கிளம்ப ஒரு மணி நேரம் பிடித்தது. புதுசு சுலபமாக ஏறியது. ஸ்பேனரில் நாற்பதை வைத்து மெல்ல அழுத்தினாள். சட்டென்று 'டிக்' என்றது. பழையதைக் கழற்ற அந்தப் பாடு பட்டவளுக்குப் புதுசு இவ்வளவு சீக்கிரம் இறுகியதில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று காலை நான்கு மணிக்கு ஓர் ஆட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுக் குட்டியை இழுத்துப் போட்டவள் அவள். வேலை முடிந்தது என்று ஒரு கருவி சொல்லும்போது அதை எதிர்த்துக் கேள்வி கேட்கிற நிலையிலா இருந்தாள்?

மறுநாள் வெளிச்சம் வரும்போது ஆர்லன் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போனான். எண்பது கஜத்தில் ஒரு கயோட்டி. வழக்கமாக அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தூரம். நான்கு முறை சுட்டான். நான்கும் நான்கு திசையில் மண்ணைக் கிளப்பின. நாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அவசரமில்லாமல் போனது.

உள்ளே வந்து துப்பாக்கியை மேஜையில் வைத்தான்.

"கை மட்டும் போகல வெல். நானே போயிட்டேன். மார்வ் கிட்ட குடுத்துடு."

மேஜையைத் துடைப்பதற்காக வெல்டா துப்பாக்கியை நகர்த்தினாள். கையில் முன்பிடி லேசாகத் திரும்பியது. மறுபடி திருப்பிப் பார்த்தாள். முன்பிடி, நட்டு, குழல் எல்லாமே சேர்ந்து கொடகொடவென்று ஆடின. வேறு யாராவது பிடித்திருந்தால் முதல் குண்டிலேயே உணர்ந்திருப்பார்கள். அவன் பிடித்தது இடது கையால்.

ஸ்பேனரை எடுத்து ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தாள். நாற்பதுக்குக் கீழே பொடி எழுத்தில் அங்குலப் பவுண்டு என்று இருந்தது. காகிதத்தில் இருந்தது அடிப் பவுண்டு. பன்னிரண்டில் ஒரு பங்குதான் இறுக்கியிருக்கிறாள். ஊறுகாய் ஜாடியைக்கூட அதைவிடப் பலமாக மூடுவாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் குளிக்கப் போகும்போது இறுக்கி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மார்வின் ரிஞ்ச்சையும் ஆர்லனின் கந்தலையும் அவ்வளவு ஏளனம் செய்தவளுக்கு அது மானத்தோடு தப்பிக்கும் வழி. ஆனால் அப்படிச் செய்தால், நான்கு குண்டையும் தவறவிட்டது தான்தான் என்ற நினைப்போடு அவன் மிச்ச நாளையும் கழிப்பான்.

"நான்தான் ஆர்லன். சரியா இறுக்கல. அடியைப் பாக்காம அங்குலத்தை வச்சுட்டேன். குழல் ஆடிக்கிட்டிருந்தது. அதை வச்சு யாராலயும் அடிச்சிருக்க முடியாது."

அவன் வலது கையால் குழலைப் பிடித்து ஆட்டினான். நிறுத்திவிட்டு, இன்னொரு முறை ஆட்டினான்.

"முப்பது வருஷமா பஸ் ஓட்டுற. சக்கரத்துக்கும் இப்படித்தானா?"

"அதுக்கு மார்வ் இருக்கான்."

"மார்வ் இருக்கறதைச் சொல்லாத, பயமா இருக்கு," என்றவன், குழலிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நிஜமாவே நான் இல்லியா?" என்று கேட்டான். கேட்ட விதம் வெல்டாவுக்குத் தாங்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மதிய ஓட்டத்துக்குப் போனபோது கொட்டகையில் மார்விடம் கேட்டு, அடிக் கணக்குள்ள நடுத்தர ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்தாள். மார்வ் சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டியதில்லை. இந்த முறை கட்டையை அவள் பிடித்துக்கொள்ள, ஆர்லன் வலது தோளைக் கொடுத்து அழுத்தினான். முகம் சிவந்தபின்தான் 'டிக்' வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவன் வேலியோரம் உட்கார்ந்திருந்தான். பேருந்துக்குக் கிளம்பிய வெல்டா சாவியோடு வாசலில் நின்றாள். கயோட்டி வந்தது. ஒரே குண்டு. நாயின் முன்காலுக்கு ஒரு சாண் முன்னால் மண் பறந்தது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டி ஓடியது, குட்டி எதையும் எடுக்காமல்.

ஆர்லன் திரும்பிப் பார்த்தான்.

"இது நான்தான்," என்றான். "காத்தைக் கணக்குப் பண்ணல."

சொல்லிவிட்டு நாய் போன மேட்டைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்தான். குளிருக்குக் கோட்டை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். வெல்டா படியில் உட்காராமலே பேருந்தைக் கிளப்பப் போனாள். கால் வலித்தது, நேரமும் ஆகியிருந்தது.